வகுப்பில் ஒரு பிள்ளை வெடிப்பதற்கு முன்னால்

மார்ச் மாதம், மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட், ஒன்பதாம் வகுப்பு. சேலத்து வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இருந்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேசைமேல் கையை மடித்துத் தலை வைத்துப் படுத்திருந்தான். "எழுந்திரு" என்றேன். அசையவில்லை. பக்கத்தில் போய் மர ஸ்கேலால் மேசையைத் தட்டினேன். "ஏன், வீட்டுல தூங்க இடமில்லையா?" என்றேன். முன்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் பெஞ்ச் சுவரில் மோதியது, காம்பஸ் டப்பா பறந்தது. "வெளியே போ" என்று தோளைப் பிடித்தேன். அவன் உதறியதில் என் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் இது "பையன் டீச்சர் மேல கை வச்சுட்டான்" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் ஓடியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் நான்கு இடத்தில் நான் வேறு மாதிரி நடந்திருக்கலாம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கும், "உடனே ஸ்கூலுக்கு வாங்க" என்று போன் வந்து பதறியடித்து ஓடிவந்த பெற்றோருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து என்று தோன்றிவிட்டால் மூளை நிதானமாக யோசித்துக்கொண்டு நிற்காது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. ஆபத்து மணி அடிப்பது அதன் வேலை. மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கைகால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. அடிக்கவோ ஓடவோ உடம்பு தயாராகிவிடுகிறது. 'சரி, நம்ம மிஸ்தானே, பேசாமல் உட்காருவோம்' என்று நிதானம் சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. அந்த நேரத்தில் அதன் குரல் எடுபடாது. அதுவும் இந்த முன்மூளை முழுதாக முதிர்வது 25 வயதை ஒட்டித்தான். 14 வயதுப் பையனுக்கு வண்டி இருக்கிறது, பிரேக் இன்னும் முழுசாகப் பொருத்தப்படவில்லை.

அந்த மணியை அடிக்க வைக்கக் கத்தியோ கம்போ வேண்டியதில்லை. நாற்பது பேர் முன்னால் இரண்டு பேர் சிரித்தால் போதும். பதின்ம வயதில் மானம் போவது உயிர் போவதைப் போலத்தான் உடம்புக்குத் தெரிகிறது. என் ஸ்கேல் மேசையில் பட்டதைவிட 'வீட்டுல இடமில்லையா' என்ற சொல்தான் அவன்மேல் பட்டது. அவன் வீட்டில் நிஜமாகவே இடம் குறைவு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது இந்தக் கோபத்தைச் சமாளிக்கும் வழியின் பெயருக்கு வருவோம். பயிற்சி வகுப்புகளில் 'டீ-எஸ்கலேஷன்' என்கிறார்கள். நான் தணித்தல் என்கிறேன். ஏறிக்கொண்டிருக்கும் கோபத்தை, சொல்லாலும் நிற்கும் விதத்தாலும் காத்திருப்பதாலும், யாருக்கும் அடிபடாமல் கீழே இறக்குவது. "அப்படி விட்டால் தலையில் ஏறி உட்காருவான்" என்று சொல்லாத ஆசிரியர் அறை கிடையாது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் தணிப்பதால் எந்த விதியும் தளர்வதில்லை. தப்புக்குக் கேள்வி உண்டு, விளைவும் உண்டு. காது கேட்கிற நேரம் பார்த்துக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஏழு படி

ஜெஃப் கால்வின் என்ற கல்வியாளர் இந்தக் கோபத்தின் ஏற்ற இறக்கத்தை ஏழு கட்டமாகப் பிரித்துக் காட்டினார். தமிழில் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: அமைதி, தூண்டல், கலக்கம், ஏற்றம், உச்சம், தணிவு, மீட்சி. எல்லாப் பிள்ளைகளும் இதே வரிசையில்தான் போவார்கள் என்று கட்டாயமில்லை. ஆனாலும் இந்த வரிசை மனதில் இருந்தால், இப்போது எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்க்கப் பழகிவிடுவோம். நம் கைக்குள் அதிகம் இருப்பது மூன்றாவது படி, கலக்கம். பெரும்பாலும் நாம் கவனிக்காமல் தாண்டிவிடுவதும் அதைத்தான்.

கலக்கம் சத்தம் போடாது. சும்மா இருக்கும் பையன் காலை ஆட்ட ஆரம்பிப்பான். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான். எப்போதும் வாயாடும் பெண் திடீரென்று ஊமையாகிவிடுவாள். நோட்டில் ஒரே இடத்தில் தாள் கிழியும்வரை கிறுக்குவாள். சிலர் தலை கவிழ்ந்து படுத்துவிடுவார்கள். நாம் இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ படித்துவிடுகிறோம். மேசைமேல் படுத்திருந்த என் மாணவன் மூன்றாவது படியில் இருந்தான். ஸ்கேலோடு போய் நான்தான் அவனை நான்காவதுக்கு ஏற்றினேன்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். பாடத்தை நிறுத்தாமல் அந்தப் பக்கமாக நடந்து போங்கள். குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "என்ன கண்ணு, முடியலையா? போய் முகம் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதிலுக்காக அங்கேயே நிற்க வேண்டாம். நின்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். பார்வையாளர் சேர்ந்துவிட்டால் அவனால் இறங்கி வர முடியாது. எங்கள் பள்ளியில் ஒரு சார் இப்படிப்பட்ட பிள்ளையிடம் சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்து, "ஆபீஸ்ல நிரப்பிட்டு வா" என்று அனுப்புவார். போய்வர மூன்று நிமிடம். டப்பாவில் சாக்பீஸ் ஏற்கெனவே பாதிக்குமேல் இருக்கும், அது வேறு விஷயம்.

நான்காவது படி, ஏற்றம். இங்கே பிள்ளை நம்மை இழுப்பான். "நான் மட்டுமா பேசினேன்?", "உங்களுக்கு என்னைப் பார்த்தாலே ஆகாது", "முடியாது, என்ன பண்ணுவீங்க?" என்று கேள்வி வரும். பதில் தேடுவதற்காக அந்தக் கேள்விகள் வருவதில்லை. நாம் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் ஒன்று சொல்வான், ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போகும். ஜெரால்டு பாட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களுக்குள் இதே இழுபறியைப் பல வருடம் ஆராய்ந்தவர். ஒருவர் கத்த, மற்றவர் அதைவிடக் கத்த, கடைசியில் யாரோ ஒருவர் பின்வாங்க, அடுத்த முறை இருவரும் கத்தலிலிருந்தே தொடங்குகிறார்கள் என்பது அவர் காட்டிய சுழல். எந்த வீட்டிலும் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம்.

ஏலத்திலிருந்து வெளியேறுவது எப்படி? முதலில் உங்கள் குரல். அவன் எவ்வளவு ஏற்றுகிறானோ அவ்வளவு நீங்கள் இறக்குங்கள். வாக்கியம் ஐந்து சொல்லைத் தாண்ட வேண்டாம். "கோபமா இருக்க. தெரியுது." அப்புறம் ஒரு நிறுத்தம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கை உங்களுக்கு யுகமாகத் தெரியும். அவனுக்கு மூச்சு விடும் நேரம் அது.

அடுத்தது நிற்கும் விதம். நேருக்கு நேர் நெஞ்சைக் காட்டி நிற்காமல் சற்றுச் சாய்வாக, இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். கை இரண்டும் வெளியே தெரியட்டும். விரலை நீட்டிப் பேச வேண்டாம். கதவை மறித்து நிற்கவே வேண்டாம். போக வழியில்லை என்று தெரிந்த உடம்பு அடிப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். தோளை, சட்டையை, பையைத் தொடாதீர்கள். கையிலிருந்து செல்போனைப் பிடுங்கப் போய் அடிதடியில் முடிந்த கதைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. போனை அரை மணி நேரம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, இரண்டு வழி காட்டுவது. "நீ இங்கயே உட்காரலாம், இல்லன்னா வேப்பமரத்தடியில அஞ்சு நிமிஷம் இருந்துட்டு வரலாம். நீயே சொல்லு." இரண்டுமே நமக்குச் சம்மதமான வழிகளாக இருக்க வேண்டும். "உட்காருறியா, எச்.எம்.கிட்ட போறியா?" என்பது தேர்வு ஆகாது, மிரட்டல்தான். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

நாக்கு நுனியில் தயாராக இருக்கும் சில வாக்கியங்களை விழுங்கிப் பழக வேண்டும். "உங்கப்பாவைக் கூட்டிட்டு வா." "உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும்." "எங்க, அடிடா பார்ப்போம்." கடைசியில் சொன்னது சவால். எல்லார் முன்னாலும் சவால் விட்டால் அவன் ஏற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அந்த வகுப்பில் அவனால் உட்கார முடியாது. ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால் பாதிக் கோபம் அப்போதே இறங்கிவிடும். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தந்த வழி வேறு இல்லை.

உச்சத்தில்

இங்கே பாடம் நடத்த முடியாது. ஒரே நோக்கம், யாருக்கும் அடிபடக் கூடாது. கத்தும் பிள்ளையை வெளியேற்றப் பார்க்காமல், மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். "எல்லாரும் நோட்டை எடுத்துக்கிட்டு மரத்தடிக்குப் போங்க" என்றால் ஒரு நிமிடத்தில் அறை காலி. பார்வையாளர் போனதும் பாதி நாடகம் முடிந்துவிடும். காம்பஸ், கத்தரிக்கோல், கண்ணாடி பாட்டில் எதாவது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் சத்தமில்லாமல் அகற்றுங்கள். தனியாகச் சமாளிக்க நினைக்காமல், ஒரு மாணவரைப் பெயர் சொல்லி, "நீ போய் பி.டி. சாரைக் கூட்டிட்டு வா" என்று அனுப்புங்கள். பொதுவாக "யாராவது போங்க" என்றால் ஒருவரும் போக மாட்டார்கள்.

இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நடுவில் தனியாகப் பாய வேண்டாம். இருவர் பெயரையும் உரக்கக் கூப்பிடுங்கள். பெயர் காதில் விழுந்தால் ஒரு நொடி தயங்குவார்கள். சூழ்ந்து நின்று செல்போனில் எடுப்பவர்களை முதலில் கலையுங்கள். பிரித்த பிறகு நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. இருவரையும் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்துவிடுவோம். அங்கே ஒருவரை ஒருவர் முறைத்து, முணுமுணுத்து, பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொள்வார்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் படாத இடத்தில் உட்கார வையுங்கள். வீட்டுக்கும் வெவ்வேறு நேரத்தில் அனுப்புங்கள்.

இறக்கம்

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள் இங்கே வண்டி ஓட்டுபவர்கள். அவசரப்பட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கோபம் இறங்கும்போதும் இதே கதை. கத்தல் நின்றுவிட்டது என்பதால் உடம்பு அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அது ஓய அரை மணி நேரமாவது வேண்டும், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். அழுகை நின்ற இரண்டாவது நிமிடத்தில் "ஏன் பண்ணின? எழுதிக் கொடு" என்று வெள்ளைத் தாளை நீட்டினால் திரும்ப ஏறிவிடும். தண்ணீர் கொடுங்கள். பக்கத்தில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

பிறகுதான் பேச்சு. "என்ன நடந்துச்சு?" என்று தொடங்குங்கள், "ஏன்" என்ற சொல் விசாரணை மாதிரி கேட்கும். அடிபட்ட பிள்ளையிடமும் அதே அளவு நேரம் உட்காருங்கள். இதை நாம் மறந்தே போகிறோம். கத்தியவனைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, அடி வாங்கியவன் தனியாக வீட்டுக்குப் போகிறான். நாளைக்குப் பள்ளிக்கு வரத் தயங்குவது அவன்தான். விளைவு என்பது செய்ததைச் சரிசெய்வதாக இருக்கட்டும்: உடைத்ததை ஒட்டுவது, கொட்டியதைக் கூட்டுவது, வலிக்க வைத்தவரிடம் போய்ப் பேசுவது.

முன்கூட்டியே

எந்த நடத்தைக்கும் ஒரு வேலை இருக்கும். ஒன்று, எதையாவது பெறுவதற்காக. இல்லை, எதிலிருந்தாவது தப்பிப்பதற்காக. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் உடனே பக்கத்தில் இருப்பவனை அடிக்கும் பையனைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். வெளியே அனுப்பப்பட்டால் படிக்க வேண்டாமே. நாம் வெளியே அனுப்ப அனுப்ப அடிப்பது அவனுக்குக் கைகொடுக்கிறது. அவனிடம் கோபத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சாயங்காலம் பதினைந்து நிமிடம் படிக்கக் கற்றுக்கொடுத்தால் பயன் உண்டு.

இந்த வேலையைக் கண்டுபிடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சேர்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை செய்யும் என் தோழி அப்படி ஒன்று வைத்திருக்கிறாள். மூன்று பத்தி: முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன. கூடவே கிழமையும் நேரமும். விடுதிக்குப் புதிதாக வந்த ஓர் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளை எல்லாரையும் கடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நோட்டில் ஐந்து வாரம் எழுதியதும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: எல்லாமே ஞாயிறு சாயங்காலம். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டிலிருந்து ஆள் வரும் நேரம் அது. இவள் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். நவம்பர் பிறந்தால் பறிப்பு மும்முரம். மகளைப் பார்க்க வர முடியாது. அதன் பிறகு ஞாயிறு நான்கு மணிக்கு வார்டன் போனில் அம்மாவிடம் பேச வைத்தார்கள். பேசி முடித்ததும் சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலை. கடி அப்படியே நின்றுவிடவில்லை. ஆனால் தை மாதத்துக்குள் மாதம் ஒன்று என்று குறைந்தது.

பசியும் தூக்கமும் நாம் நினைப்பதைவிடப் பெரிய காரணங்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை சாப்பிடாமல் வந்தால் மதியச் சத்துணவு வரை வயிறு காலி. நம் ஊரில் விசைத்தறியும் வெள்ளிப் பட்டறையும் வீட்டுக்குள்ளேயோ அடுத்த வீட்டிலோ இருக்கிறது. இரவெல்லாம் தறிச் சத்தத்தில் புரண்டுவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விட்டால், யார் எந்த நிலையில் வருகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை.

பட்டப்பெயர்களை வேடிக்கை என்று விட்டுவிடாதீர்கள். நிறம், உடல், ஊர், அப்பா செய்யும் தொழில் என்று எதைத் தொட்டு வந்தாலும் சரி, சாதியைத் தொட்டு வந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியில் வீட்டிலேயே வெட்டிக் காயப்படுத்தப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. அது தெற்கத்திப் பிரச்சினை என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கயிறு இல்லாமலும் யார் யாரோடு தட்டை மாற்றிச் சாப்பிடுகிறார்கள் என்று மதிய இடைவேளையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

பிரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கிவிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது மட்டுமல்ல, நான் சொன்ன 'வீட்டுல இடமில்லையா'வும் இதில்தான் வரும். சட்டத்தை விடுங்கள், வலிமை உள்ளவர் அடிக்கலாம் என்ற பாடத்தை நாமே நடத்திவிட்டு, அவன் தன்னைவிடச் சின்னவனை அடித்தால் ஏன் என்று எப்படிக் கேட்பது?

அடிக்கடி நடந்தால், அல்லது தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால், பள்ளியோடு வைத்துக்கொள்ளக் கூடாது. மாணவர்களுக்கான கல்வி உதவி எண் 14417. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நடக்கிறது என்று பட்டால் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், 14416. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட பள்ளியில் இருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியை நிஜமாகவே திறந்து படியுங்கள். ஆட்டிசம் போன்ற நிலை உள்ள பிள்ளைகளுக்குச் சத்தமோ கூட்டமோ திடீர் மாற்றமோ தூண்டலாக இருக்கும். அவர்களுக்குச் சிறப்பாசிரியரோடு சேர்ந்து தனியாகத் திட்டமிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. பள்ளியிலிருந்து போன் வந்ததும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்து, வாசலிலேயே பிள்ளையை நாலு சாத்துச் சாத்தாதீர்கள். எங்களுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், இல்லை. ஆசிரியர்களுக்கும் ஒன்று: நல்ல விஷயம் சொல்லவும் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போன் பண்ணுங்கள்.

நான் அப்படிப் பண்ணியதில்லை. அதனால் அந்த மார்ச் மாத மறுநாள், பையனின் அம்மா பயந்துகொண்டே வந்தார். வீட்டில் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். "ஆர்டர் நேரம் மிஸ், ஆள் பத்தல, ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார வச்சுட்டோம்" என்றார். பத்து மணிக்கு மேல் உட்கார வைப்பதில்லை என்று பேசி முடித்தோம். பையனிடம் நான் வீட்டைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான். "சாரி மிஸ், வளையலு..." என்று மட்டும் சொன்னான். ஒரு வாரம் இடைவேளையில் பெஞ்சுகளை நேராக்கி வைப்பது அவன் வேலை என்று முடிவானது. இன்னொன்றும் பேசிக்கொண்டோம்: முடியவில்லை என்றால் நோட்டை மூடி மேசை மூலையில் வைப்பான், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இப்போது அவன் பத்தாம் வகுப்பு. போன செவ்வாய்க்கிழமை மதியம் மூலையில் நோட்டு இருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன். அவன் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு, சட்டைக் காலர் நனைந்திருக்க, வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.